சின்னம்மாவின் கொட்டாத தேனீக்கள்

காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் உடம்புக்கு நல்லதாம். என் பேத்தி ஒரு குப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். உங்கள் வீட்டிலும் யாராவது கொடுத்திருப்பார்கள். நம் வயசுக்காரர்களுக்குப் பிள்ளைகள் கொடுப்பது இப்போதெல்லாம் இரண்டுதான், ஒன்று மாத்திரை, இன்னொன்று இந்த மாதிரி யோசனை. குப்பியைத் திறந்து மோந்து பார்த்தேன். சர்க்கரைப் பாகு வாசனைதான் வந்தது. மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். நான் தேன் சாப்பிடுவதை விட்டு ரொம்ப காலமாகிறது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பென்னலூருக்குத் தெற்கே, ஒரகடம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருந்தது. இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். எங்கள் நிலமெல்லாம் இன்றைக்கு ஒரு கம்பெனியின் காம்பவுண்டுக்குள் இருக்கிறது. ஷிப்ட் பஸ் திரும்புகிற இடம் உத்தேசமாக எங்கள் களத்துமேடு. அதை நினைத்து நான் அழவில்லை. அழுவதற்கு அந்த ஊர் எனக்கு வேறு ஒன்றைக் கொடுத்திருக்கிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயசு இருக்கலாம். ஏர் ஓட்டிப் பிழைத்த கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குப் பெரியவர் தாத்தா. ஞாயிற்றுக்கிழமை மாட்டைக்கூட நுகத்தில் பூட்டவிடமாட்டார். அப்பாவுக்கு மூத்தவள் அத்தை. புருஷன் செத்த பிறகு தாய் வீட்டுக்கே வந்து, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டவள். எல்லாருக்கும் இளையவர் சித்தப்பா.

சித்தப்பாவுக்குத் தச்சு வேலை தெரியும். சபை ஊழியர் ஒருவர் சொல்லி, தென்கோடியில் நாகர்கோவிலுக்கு அப்பால் ஒரு பட்டறையில் சில காலம் வேலை பார்த்தார். அங்கே அவர் செய்தது தேனீ வளர்க்கிற பெட்டி. பெட்டி வாங்க வந்த ஒருவர், இவருடைய கையைப் பார்த்தாரோ குணத்தைப் பார்த்தாரோ, தன் மகளைக் கொடுத்தார். அப்படித்தான் சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். மடியில் நகைப் பெட்டி இல்லை. காலடியில், சித்தப்பா செய்த, வாசலைச் சல்லடைக் கம்பியால் அடைத்த ஒரு தேன்பெட்டி. ராத்திரி முழுக்க ரயிலில் அது முனகிக்கொண்டே வந்ததாம்.

"சீரு எடுத்துகினு வான்னா பூச்சி எடுத்துகினு வந்துகிறா பாரு" என்றாள் அத்தை, வாசலிலேயே.

சின்னம்மா சிரித்தாள். அவளுக்கு எங்கள் பேச்சு பாதி புரியவில்லை. அவள் பேச்சு எங்களுக்கு முக்காலும் புரியவில்லை. தெருப் பிள்ளைகள் 'மலையாளத்தா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பெட்டியைப் புளியமரத்தடியில், நான்கு காலும் தண்ணீர்க் கொட்டாங்கச்சியில் நிற்க, எறும்பு ஏறாதபடி வைத்தாள். மறுநாள் காலையில் மூடியைத் திறந்தாளே, அதைப் பார்க்க ஊரே வந்தது. முகத்துக்கு வலை இல்லை, கைக்குத் துணி இல்லை. புதுத் தாலிக்கயிற்றை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு, தேனடை கட்டிய சட்டத்தை மெல்ல உயர்த்தினாள். புறங்கை முழுக்க ஈ ஊர்ந்தது. ஒன்றுகூடக் கொட்டவில்லை. வலையும் தகரப் புகைக்குழலும் கொண்டுவந்திருந்தாள்தான், அவை பிரிக்காத காகிதத்திலேயே கிடந்தன.

எங்கள் ஊருக்கு இது அதிசயம். தேனீ எங்களுக்குத் தெரியாத பூச்சி இல்லை. பனைமரப் பொந்திலும் பாழுங்கிணற்றுச் சுவரிலும் எத்தனையோ கூடு இருந்தது. ஆனால் நாங்கள் தேன் எடுக்கிற விதம் வேறு. பனையோலையை இறுக்கிக் கட்டித் தீப்பந்தமாக்கி, பொந்துக்குள் சொருகிவிடுவார்கள். எரிந்தது எரிய, எரியாதது பறந்துவந்து கொட்ட, மேலே கோணி போர்த்தியவன் அடையைப் பிய்த்துக்கொண்டு இறங்குவான். வருஷா வருஷம் அப்படித்தான். தாத்தா வாலிபத்தில் இதில் சூரர். சித்தப்பாவும் பந்தம் பிடித்தவர்தான். எங்கள் ஊர் ஈ எப்படிப்பட்டதென்றால், கிணற்றடியில் நிழல் விழுந்தாலே துரத்தும்.

அதனால் கொட்டாத ஈயைப் பார்த்ததும் தாத்தா குழந்தையாகிவிட்டார். யார் வந்தாலும் கையைப் பிடித்துப் புளியமரத்தடிக்கு இழுத்துப் போவார். மூடியைத் தானே திறந்து, உள்ளங்கையைச் சட்டத்தின்மேல் வைப்பார். "பாத்துக்க. எம் மருமவ வளத்த பூச்சி. ஆட்டுக்குட்டி மாதிரி" என்பார். மருமகளிடம் ஒரு வார்த்தைகூட நேராகப் பேசாத மனுஷன், இந்தப் பெட்டி வந்த பிறகு "அம்மா, தேனு எப்ப எடுப்பே?" என்று சமையலறை வாசலில் நின்று கேட்டார். அந்த வீட்டில் சின்னம்மாவுக்கு இருந்த ஒரே பக்கபலம் அவர்தான். அந்தப் பக்கபலம் நின்றது அந்தப் பெட்டியின்மேல்.

நான் அவள் வாலைப் பிடித்துக்கொண்டே திரிந்தேன். சட்டத்தை வெயிலுக்குக் காட்டி எனக்கு ராணியைக் காட்டினாள். மற்றதைவிட நீளமாக, கொஞ்சம் கருத்து, அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

"இவதான் எல்லாருக்கும் அம்மை, மக்களே. இவ சாந்தம். அதான் பிள்ளையளும் சாந்தம்."

"கொட்டவே கொட்டாதா?"

"எங்க ஊர்ல சுத்துவட்டாரத்துல எல்லா வீட்டுலயும் பெட்டி உண்டும். கொட்டுகத வச்சிருக்க மாட்டோம். ராணிய மாத்திருவோம். அப்படி மாத்தி மாத்தி, இப்ப எல்லாம் ஒரே குணம்."

அந்த வெயில் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அடையின் வாசனை, புளியம்பூ, அவள் தலையில் தேய்த்திருந்த தேங்காயெண்ணெய், மூன்றும் கலந்து ஒரு வாசனை. அதன்பிறகு எந்த வீட்டிலும் எனக்கு அது கிடைக்கவில்லை.

தை மாசக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில் முதல் மணி அடித்தாயிற்று. எல்லாரும் வெள்ளை உடுத்திக்கொண்டிருந்தோம். புளியமரத்தடியில் பெரிதாக இரைச்சல் கேட்டது. பெட்டி வாசலிலிருந்து ஈ ஆறாகப் பெருகி வந்தது. வானத்தில் சுற்றிச் சுற்றி, கடைசியில் ஒரு கிளையில் ஒன்றுமேல் ஒன்று பிடித்துத் தாடி மாதிரி தொங்கியது.

சின்னம்மா செருப்பில்லாமல் ஓடினாள். "அய்யோ, கூட்டம் பிரிஞ்சாச்சு! பழைய ராணி அதுலதான் இருக்கு. இப்ப பிடிக்கணும். கூடையும் ஒரு வேட்டியும் போதும்."

சித்தப்பா மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு தாத்தாவைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம மரம் ஏறறதா?" என்றார் தாத்தா. கோபமில்லை, ஆச்சரியம்தான். "ஆராதனை முடிச்சுட்டு வந்து புடிச்சுக்கலாம். ஓடியா போவும்?"

"ஓடிப் போவும் மாமா. ரொம்ப நேரம் நிக்காது."

"பெட்டியிலதான் இன்னும் நெறைய கீதேம்மா. கர்த்தரோட நாளு."

ஞாயிற்றுக்கிழமை ஒரு புல்லைக்கூடப் பிடுங்காத வீடு. சித்தப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். சின்னம்மா முக்காட்டைப் போட்டுக்கொண்டு எங்களோடு வந்தாள். ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடியபோது அவள் மட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் திரும்பிவந்தபோது கிளை வெறுமையாக இருந்தது. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போனதாக மாடு மேய்த்தவர் ஒருவர் சொன்னார். சின்னம்மா மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் உள்ளே போய்ச் சோறு வடித்தாள்.

பெட்டியில் என்னமோ ஈ இருக்கத்தான் செய்தது. போகப் போக நிறையவும் ஆனது. தாத்தா, "பாத்தியா, நான் சொல்லல?" என்றார். மாசியில் சின்னம்மாவின் கையில் ஒரு கொட்டு. பிறகு என் காதில் ஒன்று, அத்தை சுண்ணாம்பு தடவிக்கொண்டே திட்டினாள். பங்குனியில் கோழிகள் புளியமரத்தடிக்குப் போவதை நிறுத்திவிட்டன. சின்னம்மா முதல் தடவையாகக் காகிதத்தைப் பிரித்து, வலையையும் புகைக்குழலையும் எடுத்தாள். பெட்டியிலிருந்து திரும்பி வந்தவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமா, இனி நீங்க பெட்டிய தொறக்கப்பிடாது. பிள்ளையளுக்க குணம் மாறியாச்சு. எனக்க அப்பாவுக்குச் சொல்லிவிட்டா அங்க இருந்து வேற ராணி கொடுத்துவிடுவாரு. அதுவரைக்கும் தொடாதீங்க."

தாத்தா சிரித்தார். "எங்கைய அதுங்களுக்குத் தெரியும்மா. நீ பயந்துகினா அதுங்களும் பயப்படும்."

ஈஸ்டர் அன்றைக்கு எங்கள் சபைப் போதகர் ஐயரும் இன்னும் சில பெரிய மனுஷர்களும் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தார்கள். வேப்பம்பூ உதிர்ந்து வாசலெல்லாம் வெள்ளையாக இருந்தது. கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து சின்னம்மா எட்டிப் பார்க்கும்போது தாத்தா விருந்தாளிகளோடு புளியமரத்தை நெருங்கிவிட்டார். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். "மாமா, வேண்டாம்!" என்று அவள் கத்தியதை ஊரே கேட்டது. பெரிய மனுஷர்கள் முன்னால் மாமனாரைப் பார்த்து மருமகள் கத்தியதுதான் பிற்பாடு எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. ஏன் கத்தினாள் என்பது யாருக்கும் ஞாபகமில்லை.

மூடி திறந்தது. எனக்கு அந்தச் சத்தம்தான் தெரியும். முன்னே அந்தப் பெட்டி முனகும். அன்றைக்கு அது சீறியது.

ஐயர் அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தாத்தா ஓடவில்லை. கடைசிவரை நம்பவில்லை போல, கையைச் சட்டத்திலிருந்து எடுக்காமலே நின்றார். சின்னம்மாதான் தன் முந்தானையை அவர் தலையில் போட்டு இழுத்து வந்தாள். அவளுக்கும் எத்தனையோ கொட்டு. அதை யாரும் எண்ணவில்லை. தாத்தாவின் முகம் பூசணிக்காயாக வீங்கியது. இடது கண்ணின் கருவிழியிலேயே ஒரு கொட்டு. ஆஸ்பத்திரியில் கொடுக்கை எடுத்தார்கள். கண்ணை எடுக்கவில்லை, ஆனால் அது அதன்பிறகு பார்க்கவில்லை.

கட்டோடு தாத்தா கட்டிலில் கிடந்தார். சுற்றி வீடே உட்கார்ந்திருந்தது. நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். அத்தை ஆரம்பித்தாள்.

"வந்த காலு சரியில்ல. நான் அன்னிக்கே சொன்னேன். தொறக்காதேன்னு முன்னாடியே சொல்றாளே, கொட்டும்னு இவளுக்கு எப்பிடித் தெரியும்? இன்னா பண்ணி வெச்சா அந்தப் பொட்டியில? சாதுவா இருந்த பூச்சிக்குத் திடீர்னு இன்னா கேடு?"

சின்னம்மா அடுக்களை வாசலில் நின்றாள். உதடு வீங்கியிருந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அத்தைக்கு எதிரே நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"நான் ஒண்ணும் செய்யல்ல மைனி. சாந்தமான ராணி அண்ணைக்கே கூட்டத்தோட போயாச்சு. பிடிக்கணும்னு சொன்னேன். இது அதுக்க மவ. ராணி ஒரு தடவ வெளிய பறந்து போயி ஆண் ஈயளோட சேர்ந்துட்டு வரும். ஒண்ணோட இல்ல, பத்தோடயும் சேரும். எங்க ஊர்லன்னா ஆண் ஈயும் சாந்தம். இங்க சுத்தி இருக்கது எல்லாம் இந்த ஊருக்க ஆண் ஈ. இப்ப பெட்டியில இருக்கது முழுக்க அந்தப் பிள்ளைய. அம்மை எங்க ஊரு. கோவம் தகப்பன்மாருக்கது."

எனக்கு அவள் சொன்னது அப்படியே புரிந்தது. பூச்சியைப் பற்றிச் சொல்கிறாள் என்று ஒன்பது வயசுப் பிள்ளைக்குப் புரிந்தது. பெரியவர்களுக்கு அது பூச்சியாகக் கேட்கவில்லை.

"அய்யய்யோ!" அத்தை வாயில் அடித்துக்கொண்டாள். "மாமனாரு எதுர இன்னா பேச்சு பேசறா கேட்டீங்களா! வெளிய போவுமாம், பத்து பேரோட சேருமாம், இந்த ஊரு ஆம்பளைங்கதான் கெட்டவனுங்களாம்! இப்பிடிப் பேசறவ எந்த வூட்ல வளந்திருப்பா? த்தே, நீ இன்னா இங்க, போடி வெளிய!"

கடைசி வாக்கியம் எனக்கு. நான் போகவில்லை.

சின்னம்மா சித்தப்பாவைப் பார்த்தாள். தேன்பெட்டிப் பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அரைகுறையாகவாவது காதில் விழுந்திருக்கவேண்டும். அவர் தரையைப் பார்த்தார். பிற்பாடு நான் கேட்டபோது, "நான் பலகைதான் இழைச்சேன். உள்ள இருக்கிறதைப் பத்தி நான் கேட்டுக்கினதில்ல" என்றார்.

தாத்தா கட்டுப் போடாத கண்ணை மட்டும் திறந்தார். "எங்க ரத்தம் கெட்ட ரத்தம்னு சொல்றியாம்மா?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

"ஐயோ மாமா, நான் ஈயச் சொன்னேன்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பிறகு அவளோடு பேசவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பெட்டியை எரித்தார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி. பனையோலைப் பந்தம் கட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி, சித்தப்பாவே கொளுத்தினார். தன் கையால் செய்த பெட்டி. மெழுகு உருகித் தேனோடு சேர்ந்து எரிகிற வாசனை என்னவென்று உங்களில் யாருக்காவது தெரியுமா? பண்டிகைப் பலகாரம் மாதிரி இனிப்பாக மணக்கும். எனக்குப் பசித்தது. அதற்காக எனக்கு இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது. கொஞ்சம் ஈ தப்பித்து, கிணற்றுப் பக்கமாகப் பறந்தது. சின்னம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெருப்பு அணைகிறவரை நின்றாள்.

கொஞ்ச நாளைக்குத் தாய் வீட்டில் இருக்கட்டும், தாத்தாவுக்குக் குணமானதும் கூட்டிவரலாம் என்று பேசி, எழும்பூரில் ரயில் ஏற்றிவிட்டார்கள். போகும்போது என் கன்னத்தைத் தடவினாள். வலையை அத்தை வடகத்துக்குப் போர்த்தினாள். புகைக்குழல் மாட்டுக் கொட்டகையில் கொசு விரட்டியது. பிறகு துருப்பிடித்து எங்கேயோ போயிற்று.

சித்தப்பா அறுவடை முடிந்ததும் ஒரு தடவை போனார். அவள் வாசலுக்கு வந்து ஒன்றே ஒன்று கேட்டாளாம். "நான் சொன்னது நெசமின்னு உங்க அப்பாவுக்கு முன்னால சொல்வியளா? சொல்வியன்னா இப்பவே வாறேன்." இவர் அடுத்த வண்டியில் திரும்பிவிட்டார். இரண்டாம் தடவை போகவில்லை. வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அத்தை போட்ட சோற்றைத் தின்றுவிட்டுக் கட்டிலும் பெஞ்சும் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். தாத்தா ஒற்றைக் கண்ணோடு வாழ்ந்து செத்தார். சின்னம்மா காய்ச்சலில் இறந்ததாக ஒரு ஊழியர் வழியாகச் சேதி வந்தபோது, அத்தைகூட ஒரு நாள் அடுப்பு பற்றவைக்கவில்லை. இது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை.

'சாது மிரண்டால் காடு கொள்ளாது' என்று ஊரில் அதற்கு ஒரு பழமொழி சொல்லிவிட்டார்கள். சாது மிரளவே இல்லை. சாது ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. நாங்கள்தான் வெள்ளை உடுத்திக்கொண்டு போகவிட்டோம்.

எண்பதுகளில், கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, நான் குன்றத்தூரில் இருந்தேன். எங்கள் மகளிர் மன்றத்தில் தேனீ வளர்ப்பு சொல்லிக்கொடுக்க ஒரு அதிகாரி வந்தாள். சின்னப் பெண். பேச்சுவாக்கில் சொன்னாள்: "ராணியை நல்ல இனமாப் பார்த்து வாங்கினா மட்டும் போதாதும்மா. அதோட மகள் ராணி வெளியில பறந்து போய், பல ஆண் தேனீக்களோட சேர்ந்துட்டு வரும். சுத்துவட்டாரத்துல முரட்டு இனம் இருந்தா, ஒன்றிரண்டு மாசத்துல பழைய ஈ எல்லாம் செத்துப்போய்ப் பெட்டியே முரடாயிடும். தீ வெச்சுத் தேன் எடுக்கிற ஊர்ல அந்த ஆபத்து ஜாஸ்தி. அங்க கொட்டித் தப்பிக்கிறதுதான் பெருகும், சாது எப்படி மிஞ்சும்?"

பக்கத்திலிருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், பத்துப் புருஷன் என்று. அதே வார்த்தை. அடுக்களை வாசலில் உதடு வீங்கி நின்றவள் சொன்ன அதே வார்த்தை. இவள் சொன்னால் பாடம், அவள் சொன்னது அசிங்கம்.

மறுவாரம் ஊருக்குப் போனேன். சித்தப்பா இழைப்புளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"இது படிச்சவங்க சொல்றதா?"

"ஆமா சித்தப்பா."

"அப்ப அவ அசிங்கமாப் பேசல."

"இல்ல."

"கோவம் நம்ப ஊருதா?"

நான் தலையை ஆட்டினேன். இழைப்புளியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டார். பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டார், கோயிலுக்குப் போகிறவர் மாதிரி. "வா" என்றார்.

கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே. வெயில் சுட்டது. தாத்தாவின் சிலுவைக்கு முன்னால் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, நேராக நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். தகப்பன் முன்னால் அவர் வாய் திறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்பா, அவ சொன்னது நெசம்" என்றார். பதிலுக்காகக் கொஞ்சம் நின்றார். மறுபடியும், இன்னும் உரக்கச் சொன்னார். "அவ சொன்னது நெசம்பா."

பிறகு என் பக்கம் திரும்பினார். அறுபதை நெருங்கிய மனுஷன், கண்ணில் தண்ணீர்கூட இல்லை. ஒப்பிக்கச் சொன்ன பாடத்தை ஒப்பித்துவிட்ட பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார்.

"போதுமா? இப்ப வருவாளா?" என்று கேட்டார்.